மனுஷனுக்கு மட்டும்

ரம்புட்டானுக்கு வெறி பிடித்துவிட்டது என்று முதலில் சொன்னது யார் என்பது கடைசிவரை தெரியவில்லை. யாரோ ஒரு வாய் சொன்னது. கால் மணி நேரத்தில் அந்தச் சேதி லாட்ஜின் மூன்று மாடியும் ஏறி இறங்கி, மெயின் அருவிச் சாலை வரைக்கும் போய், அங்கே பஜ்ஜிக் கடையில் நின்றவர்களிடம் மாட்டி, "மூணு பேரைக் கடிச்சிட்டாம்" என்று வளர்ந்து திரும்பி வந்தது. கடிபட்ட அந்த மூன்று பேரையும் இன்றைய தேதிவரை ஒருவரும் கண்ணால் பார்க்கவில்லை.

ரம்புட்டான் ஒரு நாய். குட்டியாக வந்து சேர்ந்தபோது உடம்பெல்லாம் செம்பட்டை முடி சிலுப்பிக்கொண்டு நின்றதால், சீசனில் குற்றாலத்துக் கடைகளில் குவிந்து கிடக்கிற பழத்தின் பெயரையே வள்ளித்தாய் அதற்கு வைத்துவிட்டாள். நாலு வயதாகிறது. இதுவரை அது கடித்ததெல்லாம் லாட்ஜுக்கு வருகிறவர்களின் ரப்பர் செருப்பைத்தான்.

அன்று காலை அது லாட்ஜுக்குப் பின்னால் இருக்கிற எண்ணெய்க் கொட்டகைக்குள் கிடந்தது. வாயிலிருந்து எச்சில் கயிறு கயிறாக வடிந்தது. எழுந்தால் பின்னங்கால் இழுத்தது. நடுவில் ஒரு முறை உடம்பு விறைத்து, நாலு காலும் வெட்டி வெட்டி இழுத்துவிட்டு அடங்கியது. வள்ளித்தாய் அதைத் தொடாமல் கதவைச் சாத்தி, வெளித் தாழ்ப்பாளைப் போட்டு, கதவுக்கு முன்னால் நின்றுகொண்டாள். எதிரே லாட்ஜ் ஆட்கள் நாலு பேர் உருட்டுக்கட்டையோடு நின்றார்கள். அவர்களுக்குப் பின்னால், வெள்ளை வேட்டி நனையாமல் குடை பிடித்தபடி, முதலாளி விஜயசங்கர்.

"தள்ளி நில்லு வள்ளி" என்றார் விஜயசங்கர். "சீசன் நேரம். கூட்டத்துக்குள்ள பூந்துச்சுன்னா யாரு பதில் சொல்லுதது? ஒரே அடி. அதுக்கும் நிம்மதி, நமக்கும் நிம்மதி."

"மொத அடி எவன் அடிக்கப் போறான்? அவன முன்னால வரச் சொல்லுங்க, பாப்போம்."

நாலு பேரும் ஒருவரை ஒருவர் பார்த்துக்கொண்டார்கள். ஒருவரும் முன்னால் வரவில்லை. நாய்க்குப் பயந்தார்களா அவளுக்குப் பயந்தார்களா என்று கேட்டால், இரண்டுக்கும்தான்.

"பங்குனியில இலஞ்சி கேம்புல வெறிநாய் ஊசி போட்டிருக்கேன். அட்டை இருக்கு."

"ஊசி போட்ட நாய்க்கு வெறியே வராதுன்னு எழுதியா குடுத்திருக்கான்?"

உள்ளுக்குள் அவளுக்கும் பயம் இருந்தது. அதனால்தானே கதவைச் சாத்தினாள். ஆனால் என்ன ஏது என்று தெரியாமல் அடித்துப் போடுவதற்கு அவள் சம்மதிப்பதாக இல்லை.

"டாக்டர் பாத்து வெறின்னு சொல்லட்டும், நானே பக்கத்துல நிக்கேன். அதுவரைக்கும் இந்தக் கதவை யாரும் தொடக் கூடாது."

விஜயசங்கர் கடிகாரத்தைப் பார்த்தார். "ஒரு மணி வரைக்கும் டைம். அதுக்குள்ள நாயை இங்கனருந்து எடுத்திரு. இல்லேன்னா என் ஆளுக உள்ள போவாங்க" என்று சொல்லிவிட்டுக் குடையோடு திரும்பிப் போனார்.

வள்ளித்தாயைப் பற்றி இங்கே கொஞ்சம் சொல்ல வேண்டும். வயது நாற்பத்தாறு. அவள் புருஷன் இசக்கிமணி அருவிக்கரையில் எண்ணெய் தேய்த்துவிடுகிறவன். இவள் காய்ச்சுவாள், அவன் தேய்ப்பான். இருபது வருஷமாக இதுதான் பிழைப்பு. நல்லெண்ணெயில் சுக்கு, மிளகு, நீலகிரித் தைலம், சூடம் எல்லாம் போட்டு அவள் காய்ச்சுகிற எண்ணெய்க்குக் குற்றாலத்தில் பேர் உண்டு. லாட்ஜ் வாசலில் ஓரமாக அவள் கடை போட்டுக்கொள்ள விஜயசங்கர் இடம் கொடுத்திருந்தார். சும்மா கொடுக்கவில்லை. அதே எண்ணெயை பாட்டிலில் அடைத்து, லாட்ஜ் பெயரில் லேபிள் ஒட்டி, தங்க வருகிறவர்களுக்கு அவர் விற்றுக்கொண்டிருந்தார். அந்த இடம் போனால் வள்ளித்தாய்க்கு சீசன் போச்சு. சீசன் போனால் வருஷம் போச்சு.

எண்ணெய்க்காரி என்றால் வைத்தியமும் தெரியும் என்று ஊர் தானாக முடிவு கட்டிவிட்டது. அவளும் இல்லை என்று சொல்லவில்லை. யாராவது பாராட்டிக் கேட்டால் பதில் சொல்லாமல் இருக்க முடிகிறதா என்ன. நாய்க்குக் காது நாறுகிறது, பூனைக்கு முடி கொட்டுகிறது, குட்டி நொண்டுகிறது, உடம்பெல்லாம் உண்ணி என்று ஆள் வந்தபடி இருப்பார்கள். கால்நடை ஆஸ்பத்திரிக்குத் தென்காசிவரை போக வேண்டும். வள்ளித்தாய் கூப்பிடு தூரத்தில் இருக்கிறாள். எல்லாவற்றுக்கும் அவள் சொல்கிற பதில் ஒன்றேதான்: "நம்ம எண்ணெய்யத் தேச்சு விடுங்க, மூணே நாள்." யாராவது கிளிக்கு இருமல் என்று வந்திருந்தாலும் அதைத்தான் சொல்லியிருப்பாள். இதுவரை யாரும் வரவில்லை, அவ்வளவுதான்.

முந்தின நாள் மத்தியானம் ரம்புட்டானுக்கு உண்ணி தாங்கவில்லை. சுவரில் தேய்த்துத் தேய்த்து முதுகில் தோல் வழண்டு போயிருந்தது. ஊராருக்கெல்லாம் வைத்தியம் சொல்கிறோம், நம் வீட்டு நாயைக் கவனிக்கவில்லையே என்று அவளுக்கே வெட்கமாகிவிட்டது. அன்று காய்ச்சிய எண்ணெயை, சாரல் கூடுதல் என்று சூடம் கொஞ்சம் தூக்கலாகவே போட்டுக் காய்ச்சியதை, இரண்டு கையாலும் அள்ளிக் காது முதல் வால்வரை தேய்த்துவிட்டாள். நாய் சாயங்காலம் வரை உட்கார்ந்து உடம்பை நக்கிக்கொண்டிருந்தது. "பாருங்க, ருசி கண்டுட்டான்" என்று புருஷனைக் கூப்பிட்டுக் காட்டிச் சிரித்தாள்.

இன்றைக்கு நாயைத் தென்காசிக்குக் கொண்டுபோக ஆட்டோ கிடைக்கவில்லை. ஸ்டாண்டில் நாலு பேரைக் கேட்டாள். வெறிநாய் என்ற பேச்சு அவளுக்கு முன்னாலேயே அங்கே போய் உட்கார்ந்திருந்தது. கடைசியில் வந்தது பழ லோடு அடிக்கிற ஹபீபுல்லாதான். அவனுக்கும் பயம் இருந்தது. ஆனால் பயத்தை வைத்துக்கொண்டே வேலை பார்க்கிற ஆள்.

"யக்கா, வெறியோ என்னமோ, கையால தொடக் கூடாது" என்றான். பழம் அடுக்குகிற பெரிய பிளாஸ்டிக் கூடையைக் கொட்டகை வாசலில் சாய்த்து வைத்தான். நீளக் கம்பால் மெதுவாகத் தள்ளியதும் நாய் தானே தடுமாறி அதற்குள் போய் விழுந்தது. மேலே இன்னொரு கூடையைக் கவிழ்த்துக் கயிறு போட்டு இறுக்கினான். லோடு ஆட்டோ கிளம்பும்போது மாடி ஜன்னலெல்லாம் தலை. சிலர் போன் பிடித்து வீடியோ எடுத்தார்கள். வள்ளித்தாய் நிமிர்ந்து அவர்களைப் பார்த்தபடியே போனாள்.

ஆஸ்பத்திரியில் டாக்டர் சஃப்ரின் இருந்தாள். முப்பது வயதுகூட இருக்காது. எல்லாரையும் தள்ளி நிற்கச் சொல்லிவிட்டு, முழங்கைவரை கையுறை மாட்டிக்கொண்டு கூடைக்குப் பக்கத்தில் குனிந்தாள்.

"யாரையாவது கடிச்சுதா? வாய்க்குள்ள யாராச்சும் கை விட்டீங்களா?"

"இல்ல டாக்டரம்மா. ஒருத்தரையும் தொடவிடல."

"நல்ல காரியம் பண்ணுனீங்க." வள்ளித்தாய் நீட்டிய ஊசி அட்டையை வாங்கித் தேதியைப் பார்த்தாள். பிறகு மூக்கைச் சுருக்கினாள். "என்ன வாசம் இது?"

"எங்க எண்ணெய்ம்மா. குற்றாலத்துல வந்து வள்ளித்தாய் எண்ணெய்னு கேளுங்க, சின்னப் பிள்ளைகூடச் சொல்லும்."

அந்த நிலைமையிலும் அவளுக்கு அதைச் சொல்லும்போது கொஞ்சம் பெருமை வரத்தான் செய்தது. என்னென்ன போட்டுக் காய்ச்சுகிறீர்கள் என்று டாக்டர் கேட்டாள். யாரிடமும் சொல்லாத கணக்கு அது. இசக்கிமணிக்குக்கூட அளவு தெரியாது. நாய்க்காக ஒவ்வொன்றாகச் சொன்னாள். சூடம் என்று சொன்ன இடத்தில் டாக்டரின் பேனா நின்றது.

"எவ்வளவு சூடம்?"

வள்ளித்தாய் சொன்னாள்.

"அக்கா, சூடம் நாய்க்கு ஆகாது. தோல் வழியாவே உள்ள இறங்கும். நக்கினா நேரா வயித்துக்குப் போயிரும். அந்தத் தைலமும் அப்படித்தான். இந்த எச்சில், தள்ளாட்டம், வலிப்பு எல்லாம் அதனாலதான் இருக்கணும்."

"அப்ப வெறி இல்லியா?"

"வெறியே இல்லன்னு இன்னைக்கே எழுதித் தர மாட்டேன். ஊசி ஒழுங்காப் போட்டிருக்கு, இருந்தாலும் பத்து நாள் தனியா கட்டி வச்சுப் பாக்கணும். ஆனா என்னையக் கேட்டா, இது உங்க எண்ணெய்."

இது உங்க எண்ணெய். எத்தனையோ பேர் எத்தனையோ முறை அவளிடம் சந்தோஷமாகச் சொன்ன வார்த்தை. இன்றைக்கு அதைக் கேட்டபோது அவளுக்கு முகத்தை எங்கே வைத்துக்கொள்வது என்று தெரியவில்லை. ருசி கண்டுட்டான் என்று சிரித்தது ஞாபகம் வந்தது. தன் இரண்டு கையையும் பார்த்தாள். நகத்துக்குள் எண்ணெய் இன்னும் மிச்சம் இருந்தது.

டாக்டரும் உதவியாளரும் சேர்ந்து நாயின் வாயைக் கட்டி, வலிப்புக்கு ஊசி போட்டார்கள். அது தளர்ந்ததும் பாத்திரம் கழுவுகிற சோப்புத் தண்ணீரால் மூன்று முறை கழுவினார்கள். நுரையில் எண்ணெய் வழுக்கிக்கொண்டு போயிற்று. பிறகு ரத்தக்குழாயில் குளுக்கோஸ் ஏறியது. பிழைக்குமா என்று வள்ளித்தாய் கேட்டாள். இருபத்துநாலு மணி நேரம் தாண்டட்டும் என்றாள் டாக்டர். பிறகு கையைத் துடைத்துக்கொண்டே, "வேற யாருக்காச்சும் இந்த எண்ணெய்யக் குடுத்திருக்கீங்களா? முக்கியமா பூனைக்கு?" என்று கேட்டாள்.

வள்ளித்தாய் நாயை விட்டு டாக்டரின் பக்கம் திரும்பினாள்.

"பூனைக்கு என்ன?"

"நாயாவது தாங்கும். பூனையால இதையெல்லாம் செரிச்சு வெளிய தள்ள முடியாது. அது நாள் முழுக்க உடம்பை நக்கிக்கிட்டே இருக்கிற சென்மம் வேற."

நாய்களுக்குக் கொடுத்து ரொம்ப நாளாகிறது. அவற்றை அவள் அதற்குப் பிறகும் தெருவில் பார்த்திருக்கிறாள். ஆனால் பூனைக்கு நேற்றைக்கு முந்தின நாள்தான் கொடுத்தாள். லாட்ஜின் மூன்றாவது மாடியில் குடியிருக்கிற முதலாளி வீட்டிலிருந்து பின்பக்கப் படி வழியாக இறங்கி வந்து வாங்கியது லோகநாயகி, விஜயசங்கரின் சம்சாரம். மகள் வெளியூர் வேலைக்குப் போகும்போது விட்டுவிட்டுப் போன வெள்ளைப் பெர்ஷியன் பூனை. சாரல் ஈரத்தில் அதன் உடம்பில் வட்டம் வட்டமாக முடி உதிர்ந்து சொறி வந்திருந்தது. "அவுகளுக்குத் தெரிய வேண்டாம் வள்ளி, ரோட்டுக்கடை எண்ணெய்யான்னு கேலி பேசுவாக" என்று சொல்லிச் சேலைத் தலைப்பில் பாட்டிலை மறைத்துக்கொண்டு போனாள்.

லோகநாயகியின் போன் நம்பர் இவளிடம் இல்லை. இசக்கிமணிக்குப் போன் போட்டாள்.

"நீங்க உடனே மாடிக்குப் போயி லோகநாயகியம்மாகிட்ட சொல்லுங்க. பூனைக்கு எண்ணெய் தேச்சிருந்தா சோப்புப் போட்டுக் கழுவிட்டு இங்கன கொண்டாரச் சொல்லுங்க. நம்ம எண்ணெய்தான் நாயைக் கெடுத்திருக்கு."

அந்தப் பக்கம் அருவிச் சத்தத்துக்கு நடுவே குரல் தாழ்ந்தது. "ஏட்டி, மெதுவாப் பேசு. என் முன்னால ஒருத்தர் எண்ணெய்யோட உக்காந்திருக்காரு" என்றான் இசக்கிமணி. "இதப் போயி நான் எப்படிட்டி சொல்லுவேன்? முதலாளி காதுல விழுந்தா கடை இருக்குமா? கூட வேல பாக்குதவனுவ என்னைய அருவிக்கரையில நிக்க விடுவானுவளா?"

"பூனை செத்துப்போகும்ங்க."

"நீயே வந்து பக்குவமாச் சொல்லு" என்று வைத்துவிட்டான்.

அவனைக் கோழை என்று திட்ட அவளுக்கு வாய் வரவில்லை. அவன் சொன்னதில் ஒன்றும் பொய் இல்லை. கடை போகத்தான் போகும். ஹபீபுல்லாவிடம் "வண்டிய எடு" என்று மட்டும் சொன்னாள்.

லாட்ஜ் வாசலில் மத்தியானக் கூட்டம். அருவியில் குளித்துவிட்டு ஈரத்துண்டோடு சிலர், எண்ணெய் தேய்த்து ஊறிக்கொண்டு சிலர், சாப்பாட்டுக்கு இடம் கேட்டுச் சிலர். விஜயசங்கர் அவர்கள் நடுவில் நின்று, வெறிநாய் எல்லாம் ஒன்றுமில்லை, அப்புறப்படுத்தியாச்சு என்று ஆளாளுக்குச் சமாதானம் சொல்லிக்கொண்டிருந்தார். வள்ளித்தாயைக் கண்டதும் ஓரமாக அழைத்துப் போனார்.

"முடிஞ்சுதா?"

"சாகல. வெறி மாதிரி தெரியலன்னு டாக்டரம்மா சொல்லுதாவ. சூடத்தால வந்திருக்கு. நம்ம எண்ணெய் அதுகளுக்கு ஆகாதாம். முதலாளி, நான் அம்மாவை இப்பவே பாக்கணும். வீட்டுப் பூனைக்கு இந்த எண்ணெய்யக் குடுத்திருக்கேன்."

விஜயசங்கர் முகம் முதலில் புரியாமல் நின்றது, பிறகு சிரித்தது. "எங்க வீட்டுலயா? உன் எண்ணெய்யா? எங்க வீட்டுல இதெல்லாம் யாரு தொடுவா?"

தன் லாட்ஜ் பேரில் லேபிள் ஒட்டி ஊருக்கெல்லாம் விற்கிற எண்ணெயைத்தான் அவர் அப்படிச் சொன்னார். அதை அவர் கவனிக்கவில்லை, வள்ளித்தாய் கவனித்தாள்.

"நெசமாத்தான் சொல்லுதேன். வழி விடுங்க, மாடிக்குப் போகணும்."

அவர் படியை மறித்து நின்றார். குரலை இறக்கினார். "கேளு வள்ளி. எண்ணெய்ங்கிற பேச்சே உன் வாயிலருந்து வரக் கூடாது. எத்தனை பேரு தலையில எண்ணெய்யோட நிக்கான் பாரு. நாய் எதையோ தின்னுட்டு, அவ்வளவுதான். அதை அங்கனயே எங்கயாச்சும் விட்டுட்டு வந்திரு. உன் இடம் உனக்கு இருக்கும். பேசுனியோ, சாயங்காலம் அந்த அடுப்பு ரோட்டுல கிடக்கும்."

"பேசாம இருந்தா பூனை?"

"பூனைக்கெல்லாம் ஒண்ணும் ஆகாது. போ."

வள்ளித்தாய் அவரை ஒரு முறை பார்த்தாள். இருபது வருஷமாக இந்த வாசலில் அவள் தலை நிமிர்ந்து அவரோடு பேசியதில்லை. காலையில் கதவுக்கு முன்னால் நின்றதுதான் முதல் தடவை. ஒரே நாளில் இரண்டாம் தடவை என்பது அவளுக்கே ஆச்சரியமாகத்தான் இருந்தது. திரும்பி வாசலுக்கு நடுவில், எல்லாரும் நிற்கிற இடத்துக்கு வந்தாள். மூன்றாவது மாடியைப் பார்த்து, அருவிச் சத்தத்துக்கு மேலே பேசிப் பழகிய தொண்டையால் கூப்பிட்டாள்.

"லோகநாயகியம்மா. பூனைக்கு நான் குடுத்த எண்ணெய்யத் தேச்சிட்டியளா? தேச்சிருந்தா ஒடனே கழுவுங்க. அது பூனைக்கு வெசம்."

துண்டால் தலை துவட்டிக்கொண்டிருந்தவர் துண்டை அப்படியே பிடித்துக்கொண்டு நின்றார். முதுகு முழுக்க எண்ணெய் பளபளக்க நின்ற தடித்த ஆள் ஒருவர், "என்னம்மா வெசம்? என்னத்தத் தேச்சு விட்டுருக்கீங்க எனக்கு?" என்று பக்கத்தில் வந்தார்.

"உங்களுக்கு ஒண்ணும் செய்யாது அண்ணாச்சி. மேலுக்குத் தேச்சுக் குளிக்கிற எண்ணெய். நாயும் பூனையும் உடம்பை நக்கும், அதுக உள்ள போயிரும். நீங்க நக்கப் போறதில்லேல்லா?"

இரண்டு பேர் சிரித்தார்கள். அவர் சிரிக்கவில்லை, நேராகக் குழாயடிக்குப் போய்விட்டார். அவர் பின்னால் இன்னும் மூன்று பேர் போனார்கள்.

"காலையில எங்க நாயை வெறிநாய்னு சொன்னாங்க" என்றாள் வள்ளித்தாய், இப்போது எல்லாரையும் பார்த்து. "கட்டையத் தூக்கிட்டு வந்தாங்க. டாக்டரம்மா பத்து நாள் பாக்கணும்னு சொல்லுதாவ, நான் பாக்கேன். ஆனா அதைப் படுக்கப் போட்டது நான். தெரியாமத் தேச்சு விட்டேன். தெரிஞ்ச பெறகும் மறைச்சா அதுதான் பாவம். இங்கன வந்து என்கிட்ட நாய்க்கும் பூனைக்கும் யோசனை கேட்டவுக யாராச்சும் இருந்தா, நான் சொன்னதெல்லாம் தப்பு. டாக்டர்கிட்டப் போங்க."

"எல்லாரும் கேட்டுக்கோங்க" என்றார் விஜயசங்கர், சிரிக்க முயன்றபடி. "நாய் போன வருத்தத்துல ஏதோ உளறுதா."

அப்போது படியில் லோகநாயகி வந்தாள். அவசரத்தில் செருப்புப் போடவில்லை. கையில் துண்டு சுற்றிய பூனை. அதன் வாயோரம் நுரை. கழுத்து நிற்காமல் ஒரு பக்கம் சாய்ந்தது. விடிந்ததிலிருந்து கட்டிலுக்கு அடியில் ஒளிந்துகொண்டு எச்சில் வடித்துக்கொண்டிருந்ததாம். புருஷனிடம் சொன்னால் எண்ணெய் வாங்கிய கதையையும் சொல்ல வேண்டும் என்று அவள் பேசாமல் இருந்திருக்கிறாள்.

கட்டையோடு காலையில் நின்ற ஆட்களில் ஒருவன் பூனையைப் பார்த்தான், முதலாளியைப் பார்த்தான். "இதுக்கும் வெறியா முதலாளி?" என்று கேட்டான். கேலியாகக் கேட்டானா உண்மையிலேயே சந்தேகமா என்பது அவன் முகத்தில் தெரியவில்லை.

"கார் சாவிய எடுத்தா" என்று விஜயசங்கர் உள்ளே பார்த்துக் குரல் கொடுத்தார். கார் வெளியே வர வேண்டும் என்றால் முன்னால் நிற்கிற ஐந்து சுற்றுலா வேனை எடுக்க வேண்டும். லோகநாயகி அதற்கெல்லாம் நிற்கவில்லை. ஹபீபுல்லாவின் லோடு ஆட்டோவில், பழக்கூடைக்கும் வள்ளித்தாய்க்கும் நடுவில் ஏறி உட்கார்ந்துவிட்டாள்.

"நாயகி, எறங்கு. ஆளுக பாக்காங்க."

"பாக்கட்டும்" என்றாள் லோகநாயகி.

இலஞ்சி தாண்டும்போது லோகநாயகிதான், "நான் உன்கிட்ட வந்து கேட்டது தப்பு" என்றாள். "இல்லம்மா, நான் குடுத்ததுதான் தப்பு" என்றாள் வள்ளித்தாய். அதோடு சரி.

பூனை பிழைத்தது. நாலு நாள் ஆஸ்பத்திரிக்குத் தூக்கி அலைந்தபிறகுதான் வாய் வைத்து ஏதோ தின்றது. ரம்புட்டான் மறுநாள் மத்தியானமே எழுந்து உட்கார்ந்து, உதவியாளரின் செருப்பைத் தேடியது. பத்து நாளும் அதைத் தனியாகக் கட்டி வைத்துப் பார்த்தார்கள். பதினோராவது நாள் டாக்டர் சஃப்ரின், இந்த நாய்க்கு வெறி இல்லை என்று ஒரு தாளில் எழுதிக் கையெழுத்துப் போட்டுக் கொடுத்தாள். வள்ளித்தாய் அதை லாட்ஜ் ஆட்கள் நாலு பேரிடமும் தனித்தனியாகப் படித்துக் காட்டினாள். ஒருவனுக்குப் படிக்கத் தெரியும். இருந்தாலும் அவனுக்கும் படித்துக் காட்டினாள்.

அடுப்பு அன்று சாயங்காலமே ரோட்டுக்கு வந்துவிட்டது. விஜயசங்கர் சொன்ன சொல் தவறாதவர். வள்ளித்தாய் அடுப்பை எடுத்துக்கொண்டு தூரமாகப் போகவில்லை. சாலையைக் கடந்து, லாட்ஜுக்கு நேர் எதிரே, மங்குஸ்தான் விற்கிற ஆவுடைத்தாயின் கடைக்குப் பக்கத்தில் தார்ப்பாய் கட்டினாள். பாட்டிலில் இருந்த லாட்ஜ் லேபிளையெல்லாம் தண்ணீரில் ஊறவைத்து உரித்துப் போட்டாள். ஒரு பழைய தகரத்தில் இசக்கிமணியை விட்டே எழுதச் சொன்னாள்: "இந்த எண்ணெய் மனுஷனுக்கு மட்டும். நாய், பூனைக்கு விஷம். வள்ளித்தாய்."

முதல் வாரம் ஈ ஓட்டினார்கள். விஷம் என்று எழுதிய எண்ணெயை யார் தலையில் வைப்பார்கள்? வருகிறவர்கள் போர்டைப் படிப்பார்கள், நகர்ந்துவிடுவார்கள். இசக்கிமணி இரண்டு முறை கெஞ்சிப் பார்த்தான். "விஷம்னு வேண்டாம்ட்டி. ஆகாதுன்னு எழுதுவோம்." அவள் கேட்கவில்லை. "ஆகாதுன்னா ஒருத்தனும் கேக்க மாட்டான். கொஞ்சூண்டு தேச்சாப் போதும்னு நெனப்பான். நானே அப்படித்தான் நெனச்சிருப்பேன்" என்றாள். இரண்டாவது வாரம் பழைய ஆட்கள் சிலர் தேடிக்கொண்டு வந்தார்கள். இவ்வளவு தைரியமாக எழுதுகிறவள் எண்ணெயில் கலப்படம் செய்ய மாட்டாள் என்று ஒருவர் சொன்னார். அது அவளுக்குத் தோன்றாத யோசனை.

ஆடி பிறந்த ஒரு காலையில் விஜயசங்கரே சாலையைக் கடந்து வந்தார். வேறு ஒரு எண்ணெயை வாங்கி லேபிள் ஒட்டிப் பார்த்திருக்கிறார். இரண்டு பேருக்குத் தோல் தடித்து, பணத்தைத் திருப்பிக் கொடுக்கும்படி ஆகிவிட்டது. அதை அவர் சொல்லவில்லை. ஊருக்கே தெரியும்.

போர்டைப் படித்தார். "பூனை நல்லாருக்கு" என்றார்.

"அம்மா சொன்னாவ."

"பழையபடி வாசலுக்கே வந்திரு வள்ளி. நல்ல இடம், நனைய வேண்டாம். இந்த போர்டைக்கூடக் கொண்டா, வச்சுக்கோ." ஒரு விரலால் போர்டில் விஷம் என்று இருந்த இடத்தைத் தொட்டார். "இந்த ஒரு வார்த்தையை மட்டும் அழிச்சிரு. வேற எதுவும் நான் கேக்கல."

இசக்கிமணி எண்ணெய்க் கரண்டியைக் கையில் பிடித்தபடி அவளையே பார்த்தான். தார்ப்பாயில் தேங்கிய தண்ணீர் அவன் தோளில் சொட்டிக்கொண்டிருந்தது. லாட்ஜ் வாசலில் அவளுடைய பழைய இடம் காய்ந்து, காலியாக, நன்றாகத் தெரிந்தது. அவளுக்கு ஆசை இல்லாமல் இல்லை.

"அந்த ஒரு வார்த்தையைப் படிச்சிட்டு ஒருத்தன் பூனையைத் தூக்கிட்டு டாக்டர்கிட்டப் போனாப் போதும், முதலாளி" என்றாள். "உங்க வீட்டுப் பூனைக்கு இத எழுதி வைக்க ஆள் இல்ல. நான் கத்த வேண்டியதாப் போச்சு. தெனமும் எவ வீட்டு வாசல்ல போயி நான் கத்திக்கிட்டு இருக்க முடியும்?"

"அப்ப மழையிலேயே கெட."

"கெடக்கேன்."

அவர் குடையை விரித்தார், ஆனால் போகவில்லை. இன்னும் ஏதாவது சொல்வாள் என்று எதிர்பார்த்தாரோ என்னவோ. வள்ளித்தாய் புருஷன் பக்கம் கையை நீட்டினாள். அவன் என்ன என்று கேட்கவில்லை. குனிந்து பலகைக்கு அடியிலிருந்து சிவப்புப் பெயின்ட் டப்பாவையும் பிரஷ்ஷையும் எடுத்துக் கொடுத்தான். அவளுக்கு எழுத்து அவ்வளவு திருத்தமாக வராது. அதனால் விஜயசங்கரின் முன்னாலேயே, புருஷன் எழுதியிருந்த அந்த மூன்று எழுத்தின் மேல், கோடு விலகாமல் நிதானமாக இரண்டாவது பூச்சுப் பூசினாள். முடித்துவிட்டுச் சாலையைக் கடந்து லாட்ஜ் வாசல்வரை நடந்து போய், அங்கிருந்து திரும்பிப் பார்த்தாள். நன்றாகத் தெரிந்தது.